ஆடை வடிவமைப்பின் வரலாற்றில் பிரான்சுக்கு ஏன் இத்தனை பெரிய இடம்?

கேள்வி: நகரி மாணவி

அனைவருக்கும் வணக்கம். நான் ஆந்திர எல்லையில் உள்ள நகரியைச் சேர்ந்தவள். அப்பா விசைத்தறி வைத்திருக்கிறார். வீட்டில் தமிழும் தெருவில் தெலுங்குமாக வளர்ந்த நான் இப்போது திருப்பதியில் ஆடை வடிவமைப்பு இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இந்தப் பருவத்தில் ஆடை வடிவமைப்பின் வரலாறு எங்களுக்கு ஒரு தனிப் பாடம். பாடநூலைத் திறந்தால் வெர்சாய் அரண்மனையில் தொடங்கி பாரிஸ், லியோன், மறுபடியும் பாரிஸ் என்றே பக்கங்கள் போகின்றன. இங்கிலாந்துக்கும் இத்தாலிக்கும் அமெரிக்காவுக்கும் சேர்த்துக் கிடைத்திருப்பது ஒரே ஓர் அத்தியாயம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை அந்த நூலை அப்பா புரட்டிப் பார்த்தார். பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் பெண்மணி ஒருவரின் கவுன் படத்தில் கொடியும் பூவும் ஓடியிருந்தன. அவர் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது நம் சீட்டித் துணியில் வருகிற கொடிதானே, இதற்கு எப்படிப் பிரெஞ்சுப் பெயர் வந்தது?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. வகுப்பில் கேட்டபோது, பிரெஞ்சுக்காரர்களுக்கு இயல்பிலேயே ரசனை அதிகம் என்ற அளவில் விளக்கம் முடிந்துவிட்டது. ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கெல்லாம் ரசனை கூடுதலாக இருக்கும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆகையால் இரண்டு கேள்விகளை இங்கே வைக்கிறேன். பிரான்சு இந்தத் துறையில் முதலிடம் பிடித்ததற்குக் காட்டக்கூடிய காரணங்கள் என்ன? அந்த வரலாற்றில் நம் பக்கத்துத் துணிக்கு இடம் இருக்கிறதென்றால், பெருமைக்காக மிகைப்படுத்தாமல், அது எந்த அளவுக்கான இடம்? அடுத்த மாதம் இதைப் பற்றி நான் கட்டுரை வாசிக்க வேண்டும். துணியோடும் தையலோடும் பழகியவர்கள் பலர் இங்கே எழுதுவதால் உங்களிடம் கேட்கிறேன்.

பதில் 1: புத்தூர் வாத்தியார்

அம்மா, உன் ஐயம் நியாயமானது. நாற்பது ஆண்டுகளுக்கு அருகில் வரலாறு கற்பித்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பதினாறாம் நூற்றாண்டிலும் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஐரோப்பிய அரசவைகள் பார்த்து உடுத்தியது ஸ்பெயினைத்தான். ஸ்பானிய அரசவையின் கறுப்புத் துணியும் விறைத்த கழுத்துப் பட்டையும்தான் அன்றைய நாகரிகம். ரசனை ஒரு நாட்டோடு பிறப்பதாக இருந்தால் அது ஸ்பெயினை விட்டுப் பிரான்சுக்குப் போயிருக்க வேண்டியதில்லை. போனதற்குக் காரணம் 14ஆம் லூயி மன்னரும் அவருடைய நிதி அமைச்சர் கோல்பேரும் சேர்ந்து திட்டமிட்டுக் கட்டிய ஓர் ஏற்பாடு. இத்தாலியப் பட்டுக்கும் வெனிஸ் லேசுக்கும் பிரான்சின் பணம் வெளியே போய்க்கொண்டிருந்ததைத் தடுக்க, அவற்றை உள்நாட்டிலேயே செய்ய வைப்பது என்று கோல்பேர் முடிவு செய்தார். லியோன் நகரத்துப் பட்டு நெசவுக்கு 1667இல் விரிவான விதிமுறைகள் வகுக்கப்பட்டன. துணியின் அகலமும் தரமும் அரசின் கண்காணிப்புக்குள் வந்தன. அப்படி நெய்த துணிக்கு வாங்குவோர் வேண்டுமல்லவா? வெர்சாயில் மன்னரின் கண்ணில் பட வேண்டிய பிரபுக்கள் எல்லோரும் காலத்துக்கு ஏற்ற புதுத் துணியில் வந்து நிற்க வேண்டியிருந்தது. அந்த அரண்மனையே லியோன் துணிக்கு நிலையான சந்தையாகவும் உலகுக்கு அதைக் காட்டும் கண்ணாடி அலமாரியாகவும் அமைந்தது.

அடுத்து அச்சு. 1672இல் தொடங்கப்பட்ட 'மெர்க்யூர் கலான்' என்ற இதழ், பாரிசில் இந்தப் பருவத்தில் என்ன உடுத்துகிறார்கள் என்பதைத் தொலைவில் இருப்பவர்களுக்கும் எழுத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது. எழுத்து போதாத இடத்துக்குப் பொம்மைகள் போயின. சமீபத்திய பாரிஸ் உடையைச் சிறிய அளவில் தைத்து உடுத்திய பொம்மைகளை அயல்நாட்டு அரசவைகள் வரவழைத்து, அவற்றைப் பார்த்துத் தங்கள் உடையைத் தைத்துக்கொண்டன. 1675இல் பாரிசின் தையல் பெண்கள் தங்களுக்கெனத் தனிச் சங்கம் அமைத்துக்கொள்ளும் உரிமையை மன்னரிடம் பெற்றார்கள். அதுவரை பெண்களின் உடையையும் ஆண் தையற்காரர்கள் தைப்பதே சட்டமாக இருந்தது. பிற்காலத்தில் பாரிசின் பெயரைத் தாங்கி நின்ற பெண் தையற்கலைஞர்களின் வரிசையை இந்த உரிமையிலிருந்து எண்ணத் தொடங்குவதே சரி என்று நான் கருதுகிறேன். பாடநூல்கள் இதை ஒரு வரியில் கடந்துபோவது எனக்கு உடன்பாடில்லை.

எல்லாவற்றையும் விட முக்கியமானது, லியோன் தன் துணியில் நெய்யும் கோலத்தை ஆண்டுதோறும் மாற்றிய வழக்கம். அயலூர் நெசவாளர் ஒரு லியோன் துணியைப் பார்த்து நகல் எடுத்து நெய்து சந்தைக்குக் கொண்டுவருவதற்குள் பாரிசில் வேறு கோலம் வந்திருக்கும். நகல் பிறக்கும்போதே பழையதாகிவிடும். வசந்த காலத்துக்கு ஒன்று, குளிர்காலத்துக்கு ஒன்று என்று இன்றைக்கு நீங்கள் படிக்கும் பருவத் தொகுப்புகளின் வேர், நகலெடுப்பவனிடமிருந்து தப்பிக்க ஒரு நெசவு நகரம் கண்டுபிடித்த இந்த வழியில் இருக்கிறது.

தனி மனிதரின் பெயர் பிறகுதான் வருகிறது. மரி அந்துவானெத் அரசிக்கு உடை அலங்காரம் செய்த ரோஸ் பெர்த்தேன் 1770களில் பாரிசில் நடத்திய கடையின் பெயர் 'பெரிய முகலாயர்'; கீழ்த்திசையின் பெயரே அங்கே அழகுக்கு விளம்பரமாக இருந்தது. 1858இல் பாரிசில் கடை திறந்த சார்லஸ் பிரெடரிக் வொர்த், தைத்த உடையில் தன் பெயரைப் பட்டியாகப் பொறித்தார். உயிருள்ள பெண்களுக்கு உடுத்திக் காட்டினார். வாடிக்கையாளர் சொல்லித் தைப்பது என்ற முறையை மாற்றி, தான் வரைந்ததை வாடிக்கையாளர் தேர்ந்தெடுக்க வைத்தார். தையற்காரர் என்ற நிலையிலிருந்து வடிவமைப்பாளர் என்ற நிலை பிறந்தது அங்கே. அந்த வொர்த் பிறப்பால் ஆங்கிலேயர். அவருக்குப் பின் பாரிசில் பெயர் பெற்ற வடிவமைப்பாளர்களில் ஸ்கியபரெல்லி இத்தாலியர், பலென்சியாகா ஸ்பானியர், லாகர்ஃபெல்ட் ஜெர்மானியர், அலாயா துனீசியர். பிறப்பு ரசனை என்ற விளக்கத்துக்கு இதைவிட வேறு மறுப்பு தேவையில்லை.

பதில் 2: சொர்ணமுகிக் கரை

வணக்கம். நான் காளஹஸ்தியில் கலம்காரி வேலை, அதாவது கலத்தால் துணியில் சித்திரம் தீட்டும் வேலை செய்கிறவன். என் தாத்தா காலத்தில் வேலூர்ப் பக்கத்திலிருந்து இங்கே வந்த குடும்பம். வாத்தியார் ஐயா சொன்னவை அனைத்தும் பட்டின் வரலாறு. அதே காலத்தில் பருத்திக்கு நடந்தது வேறு. நகரித் தங்கையின் அப்பா கேட்ட கேள்விக்குப் பதில் அதில்தான் இருக்கிறது.

பதினேழாம் நூற்றாண்டில் மசூலிப்பட்டினம் தொடங்கித் தெற்கே சோழமண்டலக் கரை நெடுகிலும் தீட்டிய பருத்தித் துணிகள், அதாவது சீட்டிகள், கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போயின. பிரெஞ்சுக்காரர்கள் 1669இல் மசூலிப்பட்டினத்திலும் 1674இல் புதுச்சேரியிலும் காலூன்றினார்கள். இந்தத் துணியை அவர்கள் 'இந்தியென்' என்று அழைத்தார்கள். பெயரிலேயே ஊர் இருக்கிறது. (எங்கள் ஊரில் தீட்டியவை பெரும்பாலும் கோயில் திரைச்சீலைகள். ஏற்றுமதிச் சீட்டி முக்கியமாகக் கடற்கரைத் துறைமுகங்களை ஒட்டிய ஊர்களின் வேலை. இரண்டையும் ஒன்றாக்கி எழுதிவிட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.)

அந்தத் துணிக்கு அங்கே அத்தனை வரவேற்பு இருந்ததற்குக் காரணம் கோலத்தின் அழகு மட்டுமன்று, சாயம் போகாதது. அன்றைய ஐரோப்பாவில் பருத்தியின் மேல் அச்சிட்ட வண்ணம் துவைத்தால் கரைந்துவிடும். நம் முறையில் வண்ணத்தைத் துணியின் மேல் பூசுவதில்லை. கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் துணியை ஊறவைத்துக் காயவைக்கிறோம். இரும்புத் துண்டுகளை வெல்லத்தோடு புளிக்கவைத்து எடுத்த கசிமியால் கோடு இழுத்தால், கடுக்காயோடு சேர்ந்து அது கறுப்பாகிறது. சிவப்பு வேண்டிய இடத்தில் படிகார நீரைத் தீட்டிவிட்டுச் சாயவேரோடு கொதிக்கவைத்தால், படிகாரம் பட்ட இடத்தில் மட்டுமே சிவப்பு பிடிக்கிறது. நீலத்துக்கு மற்ற இடங்களை மெழுகால் மூடி அவுரித் தொட்டியில் முக்க வேண்டும். துவைக்கத் துவைக்க நிறம் தெளிவதற்குக் காரணம் இந்த வேதியியல்தான்.

பருத்தி பரவியதும் பட்டு நெசவாளரும் கம்பளி நெசவாளரும் கலங்கிப்போய் அரசிடம் முறையிட்டார்கள். 1686இல் பிரான்சு இந்தியச் சீட்டியின் இறக்குமதியைத் தடை செய்தது. அதைப் பார்த்து உள்நாட்டில் அச்சிடுவதையும் சேர்த்தே தடை செய்தது. தடை 1759 வரை, எழுபத்து மூன்று ஆண்டுகள் நீடித்தது. கடத்தியவர்களுக்குக் கடும் தண்டனைகள் இருந்தன. அப்படி இருந்தும் அரசவைச் சீமாட்டிகளே அதை உடுத்தினார்கள், தங்கள் அறைகளில் திரையாகத் தொங்கவிட்டார்கள்.

அந்தத் தடைக்காலத்தில்தான் நம் முறை எழுதி எடுக்கப்பட்டது. 1734ஆம் ஆண்டு வாக்கில் பொலியூ என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி புதுச்சேரியில் சீட்டி தீட்டுவதை ஒவ்வொரு கட்டமாகப் பார்த்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு துண்டுத் துணியை வெட்டிக் குறிப்போடு சேர்த்து வைத்தார். 1742இல் கேர்தூ என்ற ஏசுசபைப் பாதிரியார், புதிதாக மதம் மாறியிருந்த சாயக்காரர்களிடம் கேட்டு அறிந்ததை நீண்ட கடிதமாகப் பிரான்சுக்கு எழுதினார். கடுக்காயை அவர் 'கடூ' என்றே எழுதியிருக்கிறார். எருமைப்பால், சாயவேர், மெழுகு எல்லாம் அதில் வரிசையாக இருக்கின்றன. நாங்கள் இன்றைக்கும் காலையில் எழுந்து செய்கிற வேலையை இருநூற்று எண்பது ஆண்டுகளுக்கு முந்தைய கடிதம் ஒன்றில் அடையாளம் கண்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தடை நீங்கிய மறு ஆண்டே, 1760இல், ஜெர்மனியில் பிறந்த ஓபர்காம்ப் என்பவர் வெர்சாய்க்கு அருகே ஜூயி என்ற சிற்றூரில் பருத்தி அச்சுப் பட்டறை தொடங்கினார். இன்று 'துவால் தெ ஜூயி' என்று உலகம் முழுக்க அறியப்படும் துணி அந்தப் பட்டறையினுடையது. உன் பாடநூல் படத்துக் கவுன் எந்தப் பட்டறையில் உருவானதோ எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கொடியைப் பார்த்து உன் அப்பாவுக்கு நம் சீட்டி நினைவு வந்ததில் பிழை ஒன்றும் இல்லை.

பதில் 3: பாலாற்றான்

அப்படியானால் சுருக்கமாகச் சொல்லிவிடலாமே. நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டு போய்த் தங்கள் பெயரை ஒட்டிக்கொண்டார்கள். பாடநூலில் உள்ள பிரெஞ்சு வரலாறு முழுவதும் அவ்வளவுதான் என்று கட்டுரையில் எழுதுங்கள்.

பதில் 4: சொர்ணமுகிக் கரை

நண்பரே, அப்படி எழுத வேண்டாம் என்று தங்கையைக் கேட்டுக்கொள்கிறேன். முறையை அறிந்துகொண்டு போனார்கள் என்பது உண்மை. அதற்காக நம் சாயக்காரர்களுக்கு ஒரு காசும் பெயரும் கிடைக்கவில்லை என்பதில் எனக்கும் வருத்தம் உண்டு. ஆனால் ஜூயியில் அவர்கள் அதோடு நிற்கவில்லை. 1770ஆம் ஆண்டிலிருந்து செதுக்கிய செப்புத் தகட்டால் அச்சிட்டார்கள். நம் கலமோ மர அச்சோ தர முடியாத மயிரிழைக் கோடுகளும், ஒரு முழம் உயரத்துக்கு விரியும் கிராமக் காட்சிகளும் அந்தத் தகட்டில் கிடைத்தன. பிறகு உருளை அச்சுக்கும் போனார்கள். அந்தக் காட்சிகள் நம்முடையவை அல்ல.

இன்னொன்றையும் நினைத்துப் பார்க்க வேண்டும். நாம் அனுப்பிய துணியிலேயே அவர்கள் விருப்பம் கலந்திருந்தது. கருந்தரையை விட வெண்தரை வேண்டும், பூ இந்த அளவில் வேண்டும் என்று ஐரோப்பிய வணிகர்கள் மாதிரி அனுப்பிக் கேட்டார்கள். நம்மவர்கள் அதற்கேற்பத் தீட்டிக் கொடுத்தார்கள். கடல் கடந்து போன கொடி, பாரசீகம், சீனம், ஐரோப்பா என்று பல ஊர்க் கை பட்ட கொடி. அதைத் தீட்டிய திறமையும் சாயத்தின் அறிவும் நம்முடையவை. அதை உறுதியாகச் சொல்லலாம். அதற்கு மேல் சொன்னால் வகுப்பில் ஒருவர் கேட்கும் முதல் கேள்வியிலேயே கட்டுரை சாய்ந்துவிடும்.

பதில் 5: பாவும் ஊடையும்

நானும் நகரிப் பக்கம்தான், ஏகாம்பரக்குப்பம். முன்பு சில ஆண்டுகள் ஆரணியில் பட்டுத் தறியில் இருந்தேன். தறிக்காரன் பார்வையில் ஒன்றைச் சேர்க்கிறேன்.

தறியின் தலைக்கு மேல் ஜக்கார்டுப் பெட்டியை ஏற்றி, ஓட்டையிட்ட அட்டைகளைக் கோத்துத் தொங்கவிட்டு நெய்கிறோம். அந்த ஜக்கார்டு ஒரு மனிதரின் பெயர் என்பதே எனக்கு வெகுநாள் தெரியாது. லியோன் நகரத்து நெசவாளர் ஒருவரின் மகன் அவர். 1804இல் அந்தக் கருவியை அமைத்தார். அவருக்கு முன்பே புஷோன், ஃபால்கோன், வோகான்சோன் ஆகிய மூவர் ஓட்டையிட்ட தாளையும் அட்டையையும் வைத்து முயன்றிருந்தார்கள். அவர்களின் முயற்சிகளை ஒன்றுசேர்த்து, ஒருவர் தனியாக இயக்கக்கூடிய கருவியாக்கியது ஜக்கார்டின் சாதனை. அதற்கு முன்பு பூ விழும் இழைகளைத் தூக்குவதற்குத் தறியின் அருகே ஓர் ஆள் நின்று கயிறு இழுக்க வேண்டும். அட்டையில் ஓட்டை இருந்தால் கொக்கி இழையைத் தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. இந்த இரண்டே நிலைகளால் எந்தப் பூவையும் எழுதிவிடலாம். பாரிஸ் வடிவமைப்பாளர்கள் நினைத்த கோலத்தை லியோன் விரைவாக நெய்து கொடுக்க முடிந்தது இதனால்தான்.

அதே லியோனில் கோலத்துக்கும் பாதுகாப்பு கொடுத்தார்கள். 1806ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒரு கோலத்தை உருவாக்கியவர் அதன் மாதிரியை முத்திரையிட்டு நகரத்துத் தொழில் மன்றத்தில் ஒப்படைத்துவிட்டால், வேறொருவர் அதை நெய்ய முடியாது. இங்கே ஒரு தறியில் நல்ல கட்டம் விழுந்தால் மறு வாரமே நாலு தெருவிலும் அது விழுகிறது. கேட்க நாதியில்லை. அந்தச் சட்டத்தைப் பற்றிப் படித்தபோது எனக்கு ஏக்கமாக இருந்தது.

ஆனால் கோலத்துக்குக் கிடைத்த பாதுகாப்பு கூலிக்குக் கிடைக்கவில்லை. லியோனிலும் வியாபாரி பட்டு நூலைக் கொடுப்பார், நெசவாளர் தன் தறியில் நெய்து கூலி வாங்குவார். நம் ஊர் ஏற்பாடு அப்படியே அங்கே இருந்திருக்கிறது. 1831இல் கூலிக்குக் குறைந்தபட்ச அளவு நிர்ணயித்துப் பேசி முடித்த பிறகும் வியாபாரிகள் பலர் அதை மதிக்காததால், நவம்பரில் நெசவாளர்கள் கிளர்ந்தெழுந்து சில நாட்கள் நகரத்தையே கைப்பற்றி வைத்திருந்தார்கள். உழைத்து வாழ்வோம், இல்லையேல் போராடி மடிவோம் என்று அவர்களின் கறுப்புக் கொடியில் எழுதியிருந்தது. படை வந்து அடக்கியது. 1834இல் மறுபடியும் எழுந்தார்கள், மறுபடியும் அடக்கப்பட்டார்கள். பிரெஞ்சு ஆடையின் வரலாற்றை எழுதுகிறவர் இவர்களுக்கும் ஒரு பத்தி ஒதுக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

கேள்வி எழுதியவர்: நகரி மாணவி

ஐயாவுக்கும் அண்ணன்மார்களுக்கும் மிகுந்த நன்றி. 1831ஐப் பற்றி அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். நிறுத்தாமல் வாசிக்கச் சொன்னார். கட்டுரையில் அதற்குக் கட்டாயம் இடம் உண்டு.

இதுவரை பேசியது துணி, சாயம், தறி, சட்டம். தையலில், அதாவது வெட்டுவதில், பிரான்சு தனியாக என்ன செய்தது என்பதை யாராவது சொல்ல முடியுமா? எங்கள் தெருத் தையற்கடையில் 'பிரின்சஸ் கட்' ரவிக்கை என்கிறார்கள். அதற்கும் பாரிசுக்கும் தொடர்பு உண்டா?

பதில் 6: கொழிஞ்சாம்பாறைத் தையலகம்

தங்கைக்கு வணக்கம். நான் பாலக்காட்டு எல்லையில் கொழிஞ்சாம்பாறையில் இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தையற்கடை நடத்துகிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் தமிழிலும் பாதிப் பேர் மலையாளத்திலும் அளவு சொல்லும் ஊர் இது. வெட்டுவதைப் பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன்.

பிரின்சஸ் கட் என்பது முதலில் ரவிக்கைக்கு ஏற்பட்ட வெட்டு அன்று. தோளிலிருந்து கீழ்விளிம்பு வரை நீளமான துண்டுகளாக வெட்டி இணைத்து, இடுப்பில் குறுக்குத் தையலே இல்லாமல் உடம்போடு பொருத்தும் கவுனின் வெட்டு அது. 1870களில் அதைப் பரப்பியவராக வாத்தியார் ஐயா சொன்ன அதே வொர்த்தைக் குறிப்பிடுகிறார்கள். நாம் மார்புக்குப் பிடிக்கும் டார்ட்டை, அதாவது துணியை மடித்துத் தைக்கும் பிடிப்பை, மறைத்து நீளத் தையலுக்குள் கொண்டுபோகிறோம் அல்லவா, அந்த உத்தி அதிலிருந்து வந்தது. உன் தெருக் கடையிலும் என் கடையிலும் நாள்தோறும் நடக்கிற வேலை அது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போல் புவாரே என்ற பாரிஸ் வடிவமைப்பாளர், இடுப்பை இறுக்கும் கச்சை இல்லாமல் தோளிலிருந்து துணியைத் தொங்கவிட்டார். ஷனேல், ஆண்களின் உள்ளாடைக்குப் பயன்பட்ட ஜெர்சித் துணியில் பெண்களுக்கு வெளியுடை தைத்து, கை காலை வீசி நடக்க வழி செய்தார். இவர்களைப் பற்றி உன் பாடநூலில் நிறைய இருக்கும். நான் அதிகம் சொல்லப்போவதில்லை. எனக்குக் குருவாகத் தோன்றுகிறவர் மாட்லேன் வியோனே. 1876இல் எளிய குடும்பத்தில் பிறந்து, பள்ளிப் பருவத்திலேயே தையல் வேலைக்கு அனுப்பப்பட்டு, 1912இல் சொந்தக் கடை திறந்தவர்.

நாம் 'கிராஸ் பீஸ்' என்று எதைச் சொல்கிறோம்? பாவுக்கும் ஊடைக்கும் நடுவே 45 பாகையில் சாய்த்து வெட்டிய துண்டு. நேராக வெட்டிய துணி இழுத்தால் கொடுக்காது. சாய்த்து வெட்டியது கொடுக்கும், வளையும். அதனால்தான் கழுத்துக்குப் பட்டி வைக்கக் கிராஸ் பீஸ் எடுக்கிறோம். பாரிசிலும் அதைக் கழுத்துக்கும் விளிம்புக்குமே பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். வியோனே உடை முழுவதையும் சாய்வில் வெட்டினார். மரத்தால் செய்த சிறிய மாதிரி உடலின் மேல் துணியைச் சுற்றிப் பார்த்து, தாளில் வரையாமல் துணியிலேயே சிந்தித்தார். டார்ட்டும் கொக்கியும் குறைந்து, தலைவழியாகப் போட்டதும் உடம்பின் வளைவைத் துணியே கண்டுபிடித்துக்கொண்டது. சாய்த்து வெட்டினால் துணி அதிகம் போகும், அகலமும் போதாது. ஆகையால் வழக்கத்தைவிட அகலமான க்ரேப் துணியைத் தனியாக நெய்து தரச் சொல்லி வாங்கினார். வெட்டுகிறவர் கேட்டு, நெய்கிறவர் தறியை மாற்றிய அந்த உறவு பிரான்சில் இருந்தது. நகரியில் பிறந்து வடிவமைப்புப் படிக்கிற உன்னால் இங்கேயும் அதைக் கொண்டுவர முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது.

நகலெடுப்பவர்களால் அவரும் பாதிக்கப்பட்டார். ஒவ்வொரு உடையையும் முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டு என்று மூன்று கோணத்தில் படம் எடுத்துத் தொகுத்து வைத்தார். உடையில் தைக்கும் பெயர்ப்பட்டியில் தன் பெருவிரல் ரேகையைப் பதித்தார். தன் தையல் பெண்களுக்குச் சம்பளத்தோடு விடுமுறையும், உணவுக்கூடமும், மருத்துவ வசதியும் கொடுத்தார். அவரை நான் குருவாக நினைப்பதற்கு வெட்டு மட்டும் காரணம் அன்று என்பது இப்போது புரியும்.

ஆரி வேலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. சட்டத்தில் துணியை இறுக்கிக் கொக்கி ஊசியால் சங்கிலித் தையல் போடுகிறோமே, அது கீழ்த்திசையிலிருந்து பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்சுக்குப் போனது. 1770இல் சேன்த் ஓபேன் என்பவர் பூத்தையலைப் பற்றி எழுதிய நூலில் அந்த முறை விளக்கப்பட்டிருக்கிறது. பிறகு லூனேவில் என்ற ஊர்க்காரர்கள் துணியின் பின்புறத்திலிருந்து மணியையும் ஜிகினாவையும் அதே கொக்கியால் பதிக்கப் பழகினார்கள். பாரிஸ் உடைகளின் மணி வேலை இன்றும் லூனேவில் கொக்கி என்றே பேசப்படுகிறது. இன்று அந்த வேலையில் ஒரு பகுதி மும்பையிலும் சென்னையிலும் உள்ள பட்டறைகளில் நடக்கிறது. 2023 மார்ச்சில் டியோர் நிறுவனம் மும்பையின் கேட்வே ஆஃப் இந்தியா முன்னால் தன் தொகுப்பைக் காட்டியபோது, அங்கே நின்ற பெரிய தோரணமே மும்பைப் பட்டறையில் தைத்த பூவேலைதான்.

பதில் 7: புத்தூர் வாத்தியார்

கொழிஞ்சாம்பாறை அம்மணி எழுதியதைப் படித்து நான் நிறையக் கற்றுக்கொண்டேன். மாணவிக்கு ஒரு சிறு சேர்க்கை. ஏற்பாடு என்று நான் சொன்னது மன்னராட்சியோடு முடியவில்லை. 1868இல் பாரிஸ் ஆடையகங்கள் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்தன. 1940இல் பாரிசைக் கைப்பற்றிய ஜெர்மானியர்கள் இந்தத் தொழிலையே பெர்லினுக்குப் பெயர்த்துக்கொண்டு போக நினைத்தபோது, சங்கத்தின் தலைவராக இருந்த லூசியேன் லெலோங் வாதாடித் தடுத்தார். ஜெர்மானியரிடமிருந்து பாரிஸ் விடுபட்ட பின், துணிக்குப் பஞ்சமாக இருந்த 1945இல், கம்பியால் செய்த மூன்றில் ஒரு பங்கு அளவுள்ள பொம்மைகளுக்கு உடை தைத்துக் கண்காட்சி வைத்து, பின்னர் வெளிநாடுகளுக்கும் அனுப்பினார்கள். லூயி மன்னர் காலத்துப் பொம்மைகளின் நினைவு அதில் தெரிகிறது. 'ஓத் கூத்தூர்' (வாடிக்கையாளரின் அளவுக்கே தைக்கும் உயர்தர உடை) என்ற பெயரை யார் பயன்படுத்தலாம் என்பதற்குச் சட்ட விதியும் அதே 1945இல் வந்தது. இரண்டே ஆண்டுகளில், 1947 பிப்ரவரி 12 அன்று, வடிவமைப்பாளர் டியோர் தன் முதல் தொகுப்பைக் காட்டிப் பாரிசைப் பழைய இடத்தில் நிறுத்தினார். ஒரு பாவாடைக்குப் பல கெஜம் துணி செலவான அந்தத் தொகுப்புக்கு முதல் போட்டவர் மர்செல் பூசாக் என்ற பருத்தி ஆலை அதிபர் என்பதையும் மறவாமல் எழுது.

கேள்வி எழுதியவர்: நகரி மாணவி

நன்றி ஐயா, நன்றி அக்கா. கட்டுரையின் வரிசை இப்போது பிடிபட்டுவிட்டது: சீட்டியில் தொடங்கி, லியோனுக்குப் போய், வியோனேயில் முடிக்கிறேன். அக்கா, அப்பாவின் தறியில் வரும் பருத்தித் துணியில் முழுச் சாய்வு வெட்டில் ஒரு சட்டை தைத்துக் கட்டுரையோடு காட்டலாம் என்று நினைக்கிறேன். தொடங்குவதற்கு முன் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில் 8: கொழிஞ்சாம்பாறைத் தையலகம்

நல்ல எண்ணம். முதலில் துணியை நனைத்துக் காயவைத்து, சுருங்க வேண்டியது சுருங்கட்டும். கஞ்சி ஏறிய துணி சாய்வில் விழாது. ஆகையால் கஞ்சி முழுவதும் போகும்படி இருமுறை அலசிவிடு, அப்பாவிடம் கேட்டால் மெல்லிய நூலில் நெருக்கம் குறைவாக நெய்த துணியை எடுத்துக் கொடுப்பார். மடித்து வெட்டாதே, ஒற்றையாக விரித்து, 45 பாகையைச் சுண்ணக் கோட்டால் குறித்து, முன்னும் பின்னும் எதிரெதிர்ச் சாய்வில் வரும்படி வெட்டு, இல்லாவிட்டால் சட்டை ஒரு பக்கமாகத் திரும்பிக்கொள்ளும். பக்கத் தையலைத் துணியைக் கொஞ்சமும் இழுக்காமல் போடு. கீழ்விளிம்பை மட்டும் உடனே மடித்துத் தைத்துவிடாதே. சட்டையை இரண்டு இரவு கொடியில் தொங்கவிடு. சாய்வு இழைகள் தம் எடையில் இறங்கி ஓரிடத்தில் அரை அங்குலமும் வேறோர் இடத்தில் ஒன்றரை அங்குலமும் நீண்டிருக்கும்; அதன் பிறகு போட்டுப் பார்த்து, தரையிலிருந்து அளந்து, விளிம்பைச் சமன் செய்து மடி.

தைத்து முடித்ததும் படம் ஒன்றை இங்கே போடு.